எபேசு மலைக்குப் போன பிஸ்கற் ரின்

1987 ஆகஸ்ட் மாதம் நானும் அம்மாவும் கிரேக்க நாட்டிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்று போய் வந்தோம். அதைக் கேள்விப்பட்ட அன்ரிமாரும் அங்கிள்மாரும் "எவ்வளவு முடிஞ்சுது? சோறு குடுத்தவங்களோ? சத்தி வந்ததோ?" என்று இன்னும் தொலைபேசியில் கேட்டபடி இருக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அம்மா களைத்துப்போனார். ஆகவே எங்கள் தமிழ்ச் சங்க இதழில் நானே எழுதிவிடுகிறேன். எனக்கு வயது பதினைந்து. கனடாவில், அஜின்கோர்ட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கிறேன். நூலகத்தில் படித்தது எது, கண்ணால் கண்டது எது என்று பிரித்தே சொல்லுவேன்.

அவசரப்படுகிறவர்களுக்கு முதலில் இரண்டு பதில்கள். சோறு கொடுத்தார்கள்; கொஞ்சம் அவியாத சோறு. கப்பல் ஆடிச் சத்தி எடுத்தது நான்தான், அம்மா ஒருதரமும் வாந்தி எடுக்கவில்லை.

அம்மா ஸ்காபரோவில் திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே டிசெம்பரில் நத்தார் விருந்தில் சீட்டிழுப்பு நடக்கும். இரண்டாம் பரிசான மைக்ரோவேவ் அடுப்பில்தான் அம்மா கண் வைத்திருந்தார். விழுந்தது முதற்பரிசு: இரண்டு பேருக்கு ஏதென்ஸ் வரை விமானமும், அங்கிருந்து கப்பலும்.

"மாத்தித் தருவினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?" என்றார் அம்மா.

"விசரே உமக்கு? கப்பலைக் குடுத்து அடுப்பு வாங்கிறதோ?" என்றார் அப்பா. ஆனால் அப்பா புது வேலையில் சேர்ந்திருந்ததால் அவருக்கு லீவு இல்லை. அப்படித்தான் இரண்டாவது ரிக்கற் எனக்கு வந்தது.

நான் துள்ளிக் குதித்ததற்குக் கப்பல் மட்டும் காரணமல்ல. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மன்னாரில் எங்கள் விறகுக் குவியலுக்குள் இருந்த புடையன் பாம்பு என் காலில் கடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்: பிள்ளை பிழைத்தால், மடு வீதிச் சந்தியிலிருந்து கோயில்வரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வருவேன் என்று. நான் பிழைத்தேன். ஆவணித் திருநாளுக்குப் போகலாம் என்று இருந்தபோது, தை மாதமே அப்பா கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த கோடைக்கு வந்து செய்வோம் என்று விமானம் ஏறினோம். அந்தக் கோடை, 1983 ஆடிக் கலவரத்தில், என்ன ஆனது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு மடுவுக்குப் பாதையே இல்லை.

முடியாத அந்த நேர்த்தி எங்களோடு வீட்டில் குடியிருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் நேர்த்தி முடிக்காததால். குளிரில் கார் கிளம்பாவிட்டால் நேர்த்தி. எல்லாவற்றிலும் எனக்குக் கவலையானது வேறொன்று. எங்கள் பள்ளியில் செப்டெம்பர் மாதம் அல்கொன்குவின் காட்டுக்குள் நான்கு நாள் வள்ளம் வலித்துக் கூடாரத்தில் தங்கும் பயணம் இருக்கிறது. சென்ற ஆண்டு வகுப்பில் போகாமல் நின்றது நான் மட்டுந்தான்.

"நேர்த்தி முடியாமல் உன்னைப் பத்தைக்குள்ளயும் காட்டுக்குள்ளயும் விடமாட்டன்," என்று அம்மா சொல்லியிருந்தார். "மாதா ஒருக்காத்தான் காப்பாத்துவா."

கப்பல் நிற்கும் இடங்களின் பெயர்களைப் பார்த்ததும் நான் நூலகத்துக்கு ஓடினேன். துருக்கிக் கரையில் குஷாதாசி என்ற துறைமுகம். அதற்குப் பக்கத்தில் பழைய எபேசு நகரம். பைபிளில் வருகிற அதே எபேசு. அதற்கு மேலே மலையில் ஒரு சிறிய கல்வீடு. மாதா தன் கடைசிக் காலத்தில் அங்கே இருந்தார் என்று நம்புகிறார்கள். புத்தகத்தை விரித்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"மடுவுக்கு வைச்சதை வேற இடத்தில குடுக்கேலாது," என்றார் அம்மா. "அந்தோனியாருக்கு எண்டு விட்ட கோழியைச் செபஸ்தியாருக்குக் குடுக்கிறதோ?"

"மாதா ஒராள்தானே அம்மா?"

"ஆள் ஒராள். கோயில் வேற. உது கோயில்கூட இல்லை, வீடு எண்டு நீயே வாசிக்கிறாய்."

"எல்லாக் கோயிலுக்கும் முந்தி அவ இருந்த இடம் அது."

அம்மா வெகுநேரம் வெங்காயம் வெட்டினார். பிறகு, "போய் நிண்டு பாப்பம். அங்க நிண்டால் எனக்குத் தெரியும்," என்றார். எனக்கு அது போதும். அல்கொன்குவின் பாதித் தூரம் கிட்ட வந்துவிட்டது.

புறப்பட மூன்று நாட்களுக்கு முன் அம்மா ஒரு நீல நிற பிஸ்கற் ரின்னை நிரப்பி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினார். கப்பலில் தின்னத்தான் என்று நினைத்தேன். ஏதென்ஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் திறக்கச் சொன்னார். உள்ளே பயத்தம் பணியாரம், மூன்று அடுக்கு. அதிகாரி ஒன்றை எடுத்து மணந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா அதை வாங்கி உள்ளே வைத்து மூடிவிட்டார். "அவருக்குக் குடுத்தால் என்ன அம்மா?" என்று கேட்டேன். "உது எண்ணித்தான் வைச்சிருக்கு," என்றார். அன்றிலிருந்து எனக்கும் ஒன்றுகூடத் தரவில்லை.

ஏதென்ஸில் ஓர் இரவு தங்கினோம். அறை 3,200 திராக்மா. கனடாக் காசில் முப்பது டொலருக்குக் கொஞ்சம் மேல். மின்விசிறி உண்டு, குளிரூட்டி இல்லை. அக்ரோபொலிஸ் குன்றுக்குக் காலை எட்டு மணிக்கே ஏறிவிடுங்கள். பதினொரு மணிக்குச் சலவைக்கல் தோசைக்கல் ஆகிவிடும்.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டது. எங்கள் அறை நீர்மட்டத்துக்குக் கீழே. சன்னல் இல்லை, இயந்திரச் சத்தம் உண்டு. கடவுச்சீட்டுகளை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு, கரைக்கு இறங்க ஓர் அட்டை தருகிறார்கள். எங்கள் புத்தம்புது நீலக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வர அம்மாவுக்கு மனம் வரவில்லை. "வாங்கினதுக்குச் சாட்சி என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் மேல்தளத்தில் நின்று ஒவ்வொரு தீவுக்கும் வரைபடத்தில் பெயர் தேடினேன். மாலையில் காற்றுக் கிளம்பி என் பெயர் தேடலை முடித்துவைத்தது. இஞ்சி இனிப்புக் கொண்டுபோங்கள்.

செவ்வாய் காலை ஏழு மணிக்குக் குஷாதாசி. கப்பல் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும். பதினொன்றரைக்குள் ஏறிவிட வேண்டும், ஆளுக்காகக் காத்திருக்கமாட்டார்கள். கப்பல்காரரின் சுற்றுலாப் பஸ் எபேசு இடிபாடுகளை மட்டும் காட்டும். மலைவீட்டுக்குப் போகாது. ஆகவே துறைமுக வாசலில் ரக்சி பிடித்தேன். போகவர, காத்திருக்க, எல்லாமாக அமெரிக்க டொலர் இருபத்தைந்து. சாரதியின் பெயர் ஹசன். ஜெர்மனியில் எட்டு வருடம் வேலை செய்தவர். கொஞ்சம் ஆங்கிலம், நிறைய ஜெர்மன், அதைவிட நிறையக் கை அசைவு.

என் திட்டம் இது. நேரே மலைக்கு ஏறுவது. அம்மா கும்பிட ஒரு மணித்தியாலம். இறங்கி எபேசுவில் ஒன்றரை மணித்தியாலம். அந்தப் பெரிய அரங்கையும் நூலக முகப்பையும் குளிர்காலம் முழுக்கப் படத்தில் பார்த்திருந்தேன். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது என்பதுகூட முடிவாகியிருந்தது.

இருபது கிலோமீற்றர் ஓடி, இடிபாடுகளின் மேல்வாசலைத் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அம்மா, "நிப்பாட்டச் சொல்லு," என்றார்.

இறங்கினார். சப்பாத்தைக் கழற்றினார். ஒரு பைன் மரத்தடியில், கோயில் வாசலில் விடுவதுபோல, சோடி சேர்த்து வைத்தார். ரின்னைக் கக்கத்தில் இடுக்கினார்.

"அம்மா, இன்னும் ஆறு கிலோமீற்றர். முழுக்க ஏற்றம்!"

"ரக்சியில போறதெண்டு நான் நேர்த்தி வைக்கேல்லை."

மணி ஏழு ஐம்பது. நடந்து ஏறினால் பத்து மணி ஆகும். பிறகு துறைமுகத்துக்குத் திரும்பத்தான் நேரம் இருக்கும். அரங்கு இல்லை, நூலகம் இல்லை. அம்மா என்னை வற்புறுத்தவில்லை. "நீ காரில இரு. எனக்கு ஏலும்," என்றுதான் சொன்னார். மேல்வாசலுக்கு உள்ளே வெள்ளைத் தூண்கள் தெரிந்தன. அங்கே முதலாவது சுற்றுலாப் பஸ் போய் நின்றது. நான் அதைப் பார்த்தேன். பிறகு என் ஓடும் சப்பாத்துகளைக் கழற்றி அம்மாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நேர்த்தி இரண்டு பேர் நடப்பதற்கு. கடிபட்ட கால் என்னுடையது.

ஹசன் எங்களுக்குப் பின்னால் காரை ஊர்ந்து ஓட்டினார். சன்னலால் தலையை நீட்டினார். "இருபத்தைந்து கூடவா? சரி, இருபத்திரண்டு!"

நான் இல்லை என்று தலையசைத்தேன். இரண்டாவது வளைவில் இருபது ஆனது. மூன்றாவது வளைவில் பதினெட்டு.

"என்னவாம் அவர்?" என்றார் அம்மா.

"காசுப் பிரச்சினையில நடக்கிறம் எண்டு நினைக்கிறார் அம்மா. குறைச்சுக்கொண்டு வாறார்."

"நல்லது. மேல போகுமட்டும் குறைக்கட்டும்."

பதினைந்தில் எனக்குப் பாவமாகிவிட்டது. நின்று, கையைப் பாம்பாக நெளித்து, என் கணுக்காலில் கொத்தினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்து விழுவதுபோல் சாய்ந்தேன். அம்மாவைக் காட்டிக் கைகூப்பினேன். மலையைக் காட்டினேன். எழுந்து நின்று சிரித்தேன். ஹசன் காரை நிறுத்தி இறங்கினார்.

"அடாக்!" என்றார். நேர்த்திக்கு அவர்களுடைய சொல் அதுதான். நெஞ்சில் கை வைத்து அம்மாவுக்குத் தலை குனிந்தார். தன் தாயும் தனக்காக அந்த மலைக்கு ஒரு தடவை நடந்தாராம், ஜெர்மனிக்கு வேலை கிடைத்தபோது. அவர்கள் முஸ்லிம்கள், ஆனாலும் மரியம் அம்மாவிடம் வருவார்களாம். மடுவுக்குச் சைவ ஆட்கள் வருவதில்லையா, அதுபோலத்தான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அதை ஆச்சரியமாகவே எடுக்கவில்லை. "பிள்ளை எண்டால் எல்லாரும் நடப்பினம்," என்றார்.

அதன் பிறகு ஹசன் முன்னால் போய் ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்து தண்ணீர் தந்தார். ஒன்பது மணிக்குத் தார் சுடத் தொடங்கியது. நாங்கள் ஓரத்துப் பைன் சருகில் நடந்தோம். அது சுடாது, குத்தும். நான் இரண்டு தடவை இளைப்பாற இருந்தேன். அம்மா இருக்கவில்லை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் தையல் மெசினில் இருக்கிற அம்மா, ரின்னை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றி மாற்றி ஏறிக்கொண்டே போனார். முகத்தில் வேர்வையும், அதற்குள் எனக்குப் பழக்கமில்லாத ஒரு மிடுக்கும்.

ஐந்தாம் கிலோமீற்றருக்குக் கிட்ட ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன். கீழே சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது. தூரத்தில் கடல். பழைய எபேசு துறைமுக நகரம் என்று படித்திருந்தேன். ஆறு கொண்டுவந்த வண்டல் நிரம்பி நிரம்பி, கடல் பின்வாங்கிப் போய்விட்டது என்றும் படித்திருந்தேன். வாசித்தபோது அது எனக்கு ஒரு வசனம் மட்டுமே. இப்போது, ஒரு காலத்தில் கப்பல் வந்த நீர் எங்கே நின்றிருக்கும், எவ்வளவு தூரம் விலகியது, எல்லாம் ஒரே பார்வையில் பச்சை வயலாகத் தெரிந்தது. கீழே தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. நான் "அம்மா, பாருங்கோ!" என்று கத்தினேன். அம்மா பார்த்தார். "நெல்லு விளையுமோ?" என்று கேட்டார்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வீட்டை அடைந்தோம். பெரிய மரங்களின் நிழலில் சிறிய கல்வீடு. எங்கள் அஜின்கோர்ட் வீட்டின் கராஜ் அளவுதான் இருக்கும். கீழே ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. உள்ளே ஒரு சிலை, மெழுகுதிரிகள். முக்காடு போட்ட ஒரு துருக்கிப் பெண் உள்ளங்கைகளை விரித்து மன்றாடிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். தெரிகிறதா, தெரியவில்லையா? ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே வந்ததும், வாசலில் நின்ற வயதான சிஸ்டர் ஒருவரிடம் அம்மா நேரே போய் ரின்னை நீட்டினார்.

"அம்மா! என்ன இது?"

"வீடு எண்டு நீதானே சொன்னனி? ஒராளின்ர வீட்டுக்கு முதல்தரம் போறதெண்டால் வெறுங்கையோட போறதோ?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. கடவுளின் தாய்க்குப் பயத்தம் பணியாரம்! ஆனால் சிஸ்டருக்கு விளக்கவேண்டியது நான்தான். "இவர் என் அம்மா. இங்கே குடியிருந்தவரைப் பார்க்க வந்திருக்கிறார். இது பலகாரம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிஸ்டர் அம்மாவின் கால்களைப் பார்த்தார். ரின்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கால் மணித்தியாலம் ஆயிற்று. பத்தரை தாண்டிவிட்டது. ஹசன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். "ரின் வரட்டும்," என்றார் அம்மா. அசையவில்லை. ரின்னுக்காகக் கப்பலை விடப்போகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. அப்போது சிஸ்டர் வந்தார். ரின் கழுவித் துடைத்திருந்தது. கையில் வாங்கியதும் அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே நிறைய உலர்ந்த அத்திப்பழம்.

அம்மா அழுதார். பாம்பு கடித்த நாளுக்குப் பிறகு அம்மா அழுது நான் பார்த்ததில்லை. "பாத்தியோ? வெறும் ரின் திருப்பித் தரேல்லை," என்றார். "வந்தது பிடிச்சிருக்கு அவவுக்கு."

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மனக்கசப்பு இருக்கிற வீட்டிலிருந்துதான் பாத்திரம் வெறுமையாகத் திரும்பும்.

காருக்கு வந்தபோது ஹசன் எங்கள் இரண்டு சோடிச் சப்பாத்துகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே மரத்தடியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். "ஐயோ, எங்கட செருப்பைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாரே!" என்று அம்மா ஓடிப்போய்ப் பறித்தார். துறைமுகத்தில் ஹசன் பதினைந்து டொலர்தான் கேட்டார். அம்மா இருபத்தைந்தையும் ஆறு அத்திப்பழத்தையும் அவர் கையில் வைத்து மூடினார். பதினொன்று இருபத்தைந்துக்குக் கப்பல் படியில் கால் வைத்தோம். அன்றைய மதியம் அம்மா மூன்று தட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமை ரோட்ஸ் தீவு, காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை. துறைமுகத்திலிருந்து மதில் நகரத்துக்கு நடந்தே பத்து நிமிடம். வாகனம் தேவையில்லை. தெரு முழுக்கக் கூழாங்கல்; கொப்புளக் காலோடு எங்களைப்போல் நடக்கவேண்டாம். ஆனால் அங்கே சிலுவைப்போர் வீரர் தெருவில் அம்மா நொண்டிக்கொண்டே கடைசிவரை வந்தார். முந்தைய நாள் மலை ஏறியவருக்கு இது ஒரு தெருவா என்ற நடை.

வியாழன் கிரேத்தா தீவில் ஹெராக்லியோன், ஏழிலிருந்து பதினொன்றரைவரை. எட்டு மணிக்குத் திறக்கும் தொல்பொருட்காட்சிச் சாலைக்கு முதல் ஆட்களாகப் போனோம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அடி உயரப் பெண் சிலை. இரண்டு கையிலும் பாம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பயமே இல்லாமல் முன்னால் பார்க்கிறாள். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பழையது என்று படித்துச் சொன்னேன். அம்மா பெட்டியைச் சுற்றி வந்தார்.

"இவவுக்கு ஆர் நேர்த்தி வைச்சதோ," என்றார்.

பிறகு, பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார். "அந்த வள்ளம் வலிக்கிற பயணம் எத்தினையாம் திகதி?"

காட்சிச் சாலையில் சத்தம் போடக்கூடாது. நான் போட்டேன். காவலாளி வந்தார்.

"அப்ப நேர்த்தி முடிஞ்சுதோ அம்மா?"

"மடுவுக்கு வைச்சது மடுவிலதான் முடியும். பாதை திறந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு நடப்பன். ஆனா வீட்டுக்கே போய்ச் சொல்லிப்போட்டன், பாதை இல்லாமல் சுணங்குது, கோவிக்காதேங்கோ எண்டு. இனி உன்னைப் பாக்கிறது அவவின்ர பொறுப்பு."

இனி, போக நினைப்பவர்களுக்கு. இப்படிப்பட்ட பயணம் சன்னல் இல்லாத அறையில் ஆளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கனடா டொலர் என்று கப்பலில் சொன்னார்கள்; விமானம் வேறு. ஏழு நாள் பயணத்தைவிட நாலு இரவு போதும், ஆனால் ஓர் இடத்தில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்று மனதைத் தயார்படுத்துங்கள். துருக்கியில் சிறிய அமெரிக்க நோட்டுகள் கையில் வைத்திருங்கள். மலைக்கு நடக்க விரும்பினால், சாரதியிடம் காரணத்தை முதலாவது வளைவிலேயே சொல்லிவிடுங்கள். எபேசு இடிபாடுகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் பார்த்தது ஒரு வளைவிலிருந்து மட்டும். அதை எந்தத் தூணுக்கும் நான் மாற்றமாட்டேன்.

அல்கொன்குவின் போகிற காலை, பள்ளி வாசலில் அம்மா என்னிடம் அதே நீல ரின்னைத் தந்தார். மீதி அத்திப்பழம் கீழே, புதுப் பயத்தம் பணியாரம் மேலே. "காடெண்டாலும் ஆரோ ஒராளின்ர வீடுதான்," என்றார். நான்கு நாள் வள்ளம் வலித்தேன், கூடாரத்தில் படுத்தேன், பற்றைகளுக்குள் நடந்தேன். பணியாரத்தை முதல் நாளே வகுப்பு தின்று தீர்த்தது. திரும்பி வரும்போது ரின் நிறையப் பைன் காய்கள் பொறுக்கி வந்தேன்.

அம்மா ரின்னைக் காதோடு வைத்து ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். "பாம்பு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, மூடியைத் திறந்தார்.